வண்டி மந்திரிக்க வருமுன்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து உடுப்புக் களைந்துகொண்டிருக்கையில், நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் சக்ரீஸ்து வாசலில் வந்து நின்றார். மேலே ஏலத்தோட்டமும் கீழே சுமாரான வியாபாரமும் உள்ளவர். கோயில் காரியம் எதுவானாலும் முன்னே நிற்கிறவர். அவர் பேரை நான் சொல்லப்போவதில்லை. விஷயத்தை மட்டும் எழுதலாம் என்று அவரே உத்தரவு கொடுத்திருக்கிறார்.

“சாமி, ஒரு வண்டி வாங்கலாம்னு இருக்கேன். வாங்கினா மந்திரிச்சுக் குடுப்பீங்கள்ல?” என்றார்.

“வண்டி ஏற்கெனவே இருக்கிறதே, ஐயா!” என்றேன்.

“இருக்கு சாமி. அதைவிடப் புதுசு ஒண்ணு வருது” என்றார்.

விவரம் இதுதான். 2019-ம் வருஷம் ஏலக்காய் விலை உச்சத்துக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். ஓர் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைக்கூட எட்டிற்று. அந்த வருஷத்துக் காசில் இவர் ஒரு பழைய ஜெர்மன் கார், 2012-ல் செய்தது, வாங்கினார். இப்பொழுது அதே சாதியில் 2020-ல் செய்த கார் ஒன்று எர்ணாகுளத்தில் விலைக்கு வந்திருக்கிறது. பழையதைக் கொடுத்ததுபோக 30 இலட்சம் கையிலிருந்து போட வேண்டும். “புதுசா வாங்கினா இதுக்கு மேலே ரெண்டு பங்காகும் சாமி. பாதி விலைக்கு வருது, விடலாமா?” என்று கேட்டார். கேட்டவர் உடனே தலையைக் குனிந்துகொண்டு, “பாவம்னா சொல்லிருங்க, விட்டுர்றேன்” என்றார்.

ஒரு நிமிஷத்தில் விடை சொல்லி அனுப்பிவிடக்கூடிய கேள்வியல்ல இது. வேறு வேறு அளவில் இதே கேள்வி நம் எல்லாருடைய வீட்டிலும் வருகிறது. ஆகையால் அவரோடு உட்கார்ந்து பேசியதை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

நல்ல வண்டி வைத்திருப்பது பாவமா? பாவமல்ல. நம் பழைய உரோமைச் சடங்குப் புத்தகத்தில் வண்டியை மந்திரிக்கிற செபம் ஒன்று உண்டு. அந்தச் செபத்திலே திருச்சபை யாரை நினைவுகூருகிறது தெரியுமா? எத்தியோப்பிய தேசத்து மந்திரி ஒருவரை. இராணியின் பொக்கிஷம் முழுவதற்கும் அதிகாரியாயிருந்த அவர் ஜெருசலேமிலிருந்து தம்முடைய இரதத்தில் திரும்பிப் போனதையும், வழியில் அர்ச். பிலிப்பு அவரைச் சந்தித்ததையும் அப்போஸ்தலர் நடபடி எட்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அக்காலத்தில் இரதம் என்பது சாமானியர் ஏறுகிற வண்டியா? அல்லவே. ஆயினும் பிலிப்பு அவரைப் பார்த்து, “இரதத்தை விற்றுவிட்டு வா” என்று சொல்லவில்லை. அந்த மந்திரியோ, தூசி படிந்த காலோடு வழியில் ஓடிவந்த மனுஷனைத் தம் பக்கத்திலே ஏறி உட்காரும்படி வேண்டிக்கொண்டார். அந்த இரதத்திலே அவருக்கு இரட்சணியம் வந்தது.

வண்டி பெரிதா சிறிதா என்பது இங்கே கேள்வியாகவில்லை. அதிலே யாருக்கு இடம் கொடுத்தார் என்பதே விசேஷம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் இதற்கு வருவோம்.

பாவமல்ல என்று சொன்னதும் பெரியவர் முகம் மலர்ந்தது. “அப்ப வாங்கிரலாம்” என்றார். “பொறுங்கள் ஐயா! பாவமல்லாத காரியமெல்லாம் செய்யத்தக்க காரியம் ஆகிவிடுமா?” என்றேன். விவேகம், மட்டுத்திட்டம், நீதி என்ற மூன்று புண்ணியங்களையும் சின்ன வயதில் ஞானோபதேசத்திலே படித்திருக்கிறோம். மூன்றும் ஆளுக்கொரு கேள்வி கேட்கட்டும் என்றேன்.

முதலில் விவேகம் கேட்கிற கேள்வி: உண்மையான விலை என்ன? கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சேசுநாதர் சுவாமி அர்ச். லூக்காஸ் சுவிசேஷத்திலே போதிக்கிறார். உட்கார்ந்து என்பதைக் கவனியுங்கள். வண்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கணக்கு வராது.

ஆகவே இருவரும் உட்கார்ந்தோம். 30 இலட்சத்தையும் கடனாக வாங்கினால், நூற்றுக்கு 12 வட்டியில் ஐந்து வருஷத் தவணைக்கு மாதம் 66,700 ரூபாய்க்கு மேலே வருகிறது. ஐந்து வருஷம் முடிகையில் கட்டியிருப்பது 40 இலட்சம். ஏலக்காய்க் கிலோ 2,500 ரூபாய் விற்றால் மாதம் 27 கிலோ உலர் காய் அந்தத் தவணைக்கே போய்விடும். 2022-ல் நடந்ததுபோல் கிலோ ஆயிரத்துக்குக் கீழே, ஒரு 900-க்கு இறங்கினால் 74 கிலோ போகவேண்டும். மழை தவறினாலும், செடிக்கு நோய் வந்தாலும், குவாத்திமாலாவில் நல்ல விளைச்சல் கண்டாலும், தவணைத் தேதி ஒரு நாள்கூடத் தள்ளி நிற்காது. 7,000-ஐக் கண்ட வருஷத்தில் வாங்கியதை, அந்த வருஷம் திரும்பும் என்ற நம்பிக்கையில் மாற்றலாமா?

பாதி விலை என்கிற பேச்சையும் கொஞ்சம் ஆராய்ந்தோம். உல்லாசக் கார்களின் விலை முதல் சில வருஷங்களிலே விழுந்துவிடுவது மெய்தான். ஆனால் வண்டியின் விலை பாதியாகிறதேயன்றி, அதன் உதிரிப் பாகங்களின் விலை பாதியாவதில்லை. காற்றழுத்தத்தில் மிதக்கிற அந்த மெத்தென்ற சவாரிக்குக் காரணமான ரப்பர்ப் பைகள் வருஷம் ஏற ஏற வெடிப்பு விடும். மாற்றினால் புது வண்டிக்காரன் கொடுக்கிற விலையையே பழைய வண்டிக்காரனும் கொடுக்க வேண்டும். பழுதானால் போடியிலே பார்க்க ஆள் கிடையாது, மதுரைக்கோ அதற்கு அப்பாலோ இழுத்துக்கொண்டு போகவேண்டும். தாழ்ந்த அடிவயிறும் தட்டையான டயரும் உள்ள வண்டி தோட்டத்துப் பாதையில் ஏறவும் ஏறாது.

அவர் விசாரிக்க மறந்தவையும் சில இருந்தன. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன! இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அந்த வண்டிக்கு இழப்பீடு வாங்கியதுண்டா என்று கேட்கவேண்டும். கேரளப் பதிவெண் என்றால் அங்கே ஆட்சேபணை இல்லை என்ற சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்டவேண்டும். இன்னொன்று. 2025 செப்டெம்பர் 22 முதல் பெரிய கார்களின் மேலிருந்த வரி மாறிற்று. முன்னே ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 48, 50 சதவீதம் என்று இருந்தது 40 ஆக இறங்கிற்று. புதிதின் விலை இறங்கினால் பழையதின் விலையும் இறங்கியாக வேண்டுமே! தரகர் சொல்லும் ‘பாதி’ எந்த விலையில் பாதி என்று கேட்க வேண்டாமா?

இவ்வளவும் உலகக் கணக்கு. இதைச் சுவாமியார் ஏன் பேசவேண்டும் என்று நினைப்பீர்கள். கணக்குப் பார்க்காமல் வாங்குகிற கடன்தான் பிறகு குடும்பச் சண்டையாகவும், குடியாகவும், பொய்யாகவும் எங்களிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து சேருகிறது. அதனாலேதான் பேசுகிறேன்.

இரண்டாவது, மட்டுத்திட்டம் கேட்கிற கேள்வி: எதற்காக வேண்டும்? பெரியவர் மூன்று காரணம் சொன்னார். சென்னையிலிருக்கிற மகள் வீட்டுக்கு அடிக்கடி போகிறோம் என்றார். 2023 ஜூன் மாதத்திலிருந்து சென்னை இரயில் போடிக்கே வருகிறதே, ஐயா! இராத்திரி படுத்தால் காலையில் இறங்கலாம். அவரே சிரித்துவிட்டார். அடுத்து, தாயாருக்கு மூட்டுவலி, மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார். இது நல்ல காரணம். தாய்க்குச் செய்கிற சௌகரியத்தைச் சர்வேசுரன் கணக்கில் வைக்கிறார். ஆனால் இருக்கிற வண்டியிலே அந்த அம்மாளுக்கு என்ன குறை என்று கேட்டேன். “ஒண்ணுமில்லே சாமி, முன் சீட்டுலே தூங்கிருவாங்க” என்றார்.

மூன்றாவது காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்தார். தேனியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாராம். கூடப் படித்தவர் ஒருவர் தம் புது வண்டியிலிருந்து இறங்கி, இவர் வண்டியைப் பார்த்து, “இன்னும் இதையா வச்சிருக்கே?” என்றாராம். அதுதான் காரணம். மற்ற இரண்டும் அதற்குப் போர்த்தின துணி.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு அருகதை இல்லை. என் கதையையும் கேளுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் நம் பங்குப் பேரவையில் சிலர், சுவாமியாருக்கு வண்டி மாற்றிக் கொடுக்கலாம் என்று அன்போடு பேசினார்கள். நானும் மெதுவாகத் தலையாட்டினேன். இராத்திரியில் அவஸ்தைபூசுதல் கொடுக்க மலையடிவாரமெல்லாம் போகவேண்டியிருக்கிறது, நடுவழியில் வண்டி நின்றுபோனால் ஓர் ஆத்துமத்துக்கு என்ன ஆகும் என்று பக்தியான நியாயமும் சொன்னேன். கூட்டம் முடிந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை கேட்டார்: “சாமி, போன வருஷம் வண்டி எத்தனை தடவை நின்னுபோச்சு?” யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அந்த வண்டிதான் இன்றைக்கும் ஓடுகிறது.

மறைந்த பிரான்சிஸ் பாப்பரசர் 2013 ஜூலையில் குருமாணவர்களையும் நவசந்நியாசிகளையும் சந்தித்தபோது, குருவானவரோ கன்னியாஸ்திரீயோ புத்தம் புது மாடல் காரில் போவதைக் காண்கையில் தம் மனம் நோகிறது என்று கூறினார். வேலைக்கு வண்டி வேண்டியதுதான், எளியதாயிருக்கட்டும் என்றும், பகட்டானதின் மேல் ஆசை வந்தால் பசியால் சாகிற குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள் என்றும் புத்தி சொன்னார். அதே வருஷம் செப்டெம்பரில், இத்தாலிய குரு ஒருவர் மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓட்டிய 1984-ம் வருஷத்து ரெனோ கார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்க, அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். கோயில்பிள்ளையின் கேள்வியும் பாப்பரசரின் வார்த்தையும் எனக்கு ஒன்றாகவே கேட்டன.

ஆனால் குருவுக்குச் சொன்னதை அப்படியே சம்சாரிக்கும் சொல்லிவிடக்கூடாது. அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் இதை அழகாகப் பிரித்துக் காட்டுகிறார். நம் பொருளிலே உயிர்வாழ வேண்டியது ஒரு பங்கு, நம் அந்தஸ்துக்குத் தக்கபடி குடும்பம் நடத்த வேண்டியது ஒரு பங்கு, இரண்டுக்கும் மேலே மிஞ்சுவது ஒரு பங்கு. மிஞ்சியதிலே ஏழைக்குப் பாத்தியதை உண்டு. 1891-ல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசரும் தொழிலாளரைப் பற்றிய தம் நிருபத்தில் இதையே போதித்தார். தோட்டக்காரர் தம் தகுதிக்கேற்ற வண்டியில் போவது அந்தஸ்தின் பங்கிலே அடங்கும். ஆனால் அந்தஸ்து என்பது ஒரே புள்ளியில் நிற்கிற காரியமல்ல என்று அந்த அர்ச்சியசிஷ்டவரே சொல்கிறார். கொஞ்சம் கூட்டினாலும் மிதமிஞ்சிப் போகாது, கொஞ்சம் குறைத்தாலும் மானம் போகாது. 2012-ம் வருஷத்துக் காரில் போனால் பெரியவரின் மானத்துக்கு என்ன குறை? கல்யாண வீட்டில் ஒருவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு 40 இலட்சம் விலை கொடுப்பதா?

மூன்றாவது, நீதி கேட்கிற கேள்வி: இந்தக் காசு உன்னுடையதுதானா? இதற்கு வந்தபோதுதான் பேச்சின் போக்கே மாறிற்று.

பொட்டிபுரத்திலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் விடியுமுன்னே எழுந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் ஜீப்புக்கு நிற்பார்கள். போடிமெட்டு வழியாக, பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, கேரளத்துத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். பொழுது சாயத் திரும்புவார்கள். மழைக்காலத்தில் மலையிலே மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு முன்னே ரோடு தெரியாது. ஒன்பது பேர் போகவேண்டிய ஜீப்பில் பதினைந்து பேர் அடைந்துகொண்டு போகிற நாளும் உண்டு. ஒவ்வொரு நாளும் அவர்கள் வீட்டில் விளக்கேற்றிக்கொண்டு காத்திருக்கிற பிள்ளைகள் யார்? நம் பீடச் சிறுவர்களும் பாடகர் குழுப் பிள்ளைகளும் அல்லவா?

நான் பெரியவரைக் கேட்டேன்: “ஐயா, உங்கள் தோட்டத்து ஜீப் எப்படி இருக்கிறது?”

அவர் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “பின் டயர் ரெண்டும் மொட்டையாயிருச்சு சாமி. இந்த எடுப்பு முடியட்டும்னு ஓட்டிக்கிட்டிருக்கேன்” என்றார். பிறகு, நான் கேளாமலே, “மூணு வாரக் கூலி பாக்கி இருக்கு. காய் ஏலத்துலே போனதும் குடுத்துருவேன்” என்றார்.

பிரியமுள்ளவர்களே, இந்த மனுஷர் கெட்டவரல்ல. இரக்கமுள்ளவர். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியவர். ஆனாலும் ஒரே சமயத்தில் ஒரு கையில் 30 இலட்சத்துக்கு வழி தேடிக்கொண்டும், மறு கையில் இரண்டு டயருக்கு நாள் கடத்திக்கொண்டும் இருந்தார். இரண்டையும் ஒன்றாக வைத்து அவர் பார்த்ததே இல்லை. நாமெல்லாரும் இப்படித்தான். ஆசை ஓர் அறையிலும் கடமை இன்னோர் அறையிலும் குடியிருக்க, நடுவே கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம். வேலைக்காரருடைய கூலியை நிறுத்திவைப்பது வானத்தை நோக்கிப் பழி கேட்கிற நாலு பாவங்களில் ஒன்று என்று குறிப்பிடத்திலே படித்தோமே! அறுவடை செய்தவர்களின் கூலி கூக்குரலிடுகிறது என்று அர்ச். இயாகப்பர் தம் நிருபத்தில் எச்சரிக்கிறாரே! கொடுக்காமலே விட்டால்தான் பாவம் என்றில்லை. கொடுக்க வகையிருந்தும் தாமதித்தால் அன்றன்றைக்கு உலை வைக்கிறவளுக்கு அந்தத் தாமதமே பட்டினி.

அப்பொழுது ஒரு வண்டியின் கதையை அவருக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். 1964 டிசம்பரில், 38-வது சர்வதேச தேவநற்கருணை மாநாட்டுக்காக ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் பம்பாய்க்கு எழுந்தருளினார். நம் தேசத்து மண்ணில் ஒரு பாப்பரசர் கால் வைத்தது அதுவே முதல் தடவை. அமெரிக்க நாட்டார் காணிக்கையாகத் தந்த லிங்கன் கார் ஒன்றில் அவர் பவனி வந்தார். அக்காலத்து உல்லாசக் கார்களில் முதல் வரிசையிலுள்ளது. புறப்படுகையில் அந்தக் காரை அவர் கல்கத்தாவிலிருந்த தெரேசா அம்மையாருக்குக் கொடுத்துவிட்டார்.

அம்மையார் என்ன செய்தார்? ஒரு நாளாவது ஏறிப் பார்க்கவில்லை. ஒரே ஆளுக்கு விற்றுவிடவுமில்லை. சீட்டுப் போட்டுக் குலுக்கலில் விட்டார். சேர்ந்த பணத்தைக் கொண்டு, ஊராரால் தள்ளப்பட்ட குஷ்டரோகிகள் குடியிருந்து தொழில் செய்து பிழைக்கும்படி ஆசன்சோல் பக்கத்தில் சாந்தி நகர் என்ற குடியிருப்புக்கு வழி செய்தார். கொடுத்தவரும் வாங்கினவரும் இன்று பீடங்களில் வைத்து வணங்கப்படுகிறார்கள். அம்மையாருக்கு 2016-லும், பாப்பரசருக்கு 2018-லும் அர்ச்சியசிஷ்டப் பட்டம் கிடைத்தது.

நீங்களும் காரை விற்றுக் குலுக்கல் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு வண்டியைப் பார்க்கிற கண் இரண்டு விதம் என்று சொல்ல வருகிறேன். ‘இதிலே நான் எப்படித் தெரிவேன்?’ என்று ஒரு கண் பார்க்கிறது. ‘இதிலே யாருக்கு இடம் கிடைக்கும்?’ என்று ஒரு கண் பார்க்கிறது. எத்தியோப்பிய மந்திரி இரண்டாவது கண்ணால் பார்த்தார். தெரேசா அம்மையாரும் அதே கண்ணால் பார்த்து, ஒரு காருக்குள்ளே ஒரு ஊரையே குடியேற்றினார்.

கார் இல்லாத குடும்பங்கள், “இது நமக்கு இல்லை” என்று இந்தத் தாளை மடித்துவிட வேண்டாம். மோட்டார் சைக்கிளை மாற்றுகிற வாலிபனே, பழைய வண்டி நின்றுபோனதா, அல்லது சிநேகிதன் புதிது வாங்கினானா? தவணைக்குப் புது டெலிபோன் வாங்குகிற மகளே, அம்மாவின் அடகு நகை திரும்பிவிட்டதா? உண்மை விலை என்ன, எதற்காக வேண்டும், யாருக்காவது கொடுக்க வேண்டியது பாக்கி நிற்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் உட்கார்ந்து விடை சொல்லிவிட்டு வாங்குங்கள். அப்படி வாங்கின பொருளிலே மனசு உறுத்தாது.

பெரியவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். மறுநாளே ஜீப்புக்கு நாலு டயரும் மாற்றினார், பிரேக்கையும் பார்க்கச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை கூலிப் பாக்கி தீர்ந்தது. ஆட்களை இரண்டு நடையாக ஏற்றி இறக்க ஏற்பாடு செய்திருக்கிறார். டீசல் செலவு கூடத்தான் செய்கிறது. எர்ணாகுளத்துக் காரைப் பற்றி இன்னும் ஒன்றும் முடிவு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது அவருக்கும் அவர் மனச்சாட்சிக்கும் சர்வேசுரனுக்கும் நடுவிலுள்ள காரியம். வாங்கினாலும் அவர் என் பங்குப் பிள்ளைதான், வாங்காவிட்டாலும் என் பங்குப் பிள்ளைதான்.

ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறேன், உங்கள் எல்லாருக்கும் அதையே சொல்கிறேன். எந்த வண்டி வாங்கினாலும் கொண்டுவாருங்கள், சந்தோஷமாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறேன். ஆனால் உங்கள் வேலைக்காரர் ஏறுகிற ஜீப் இருந்தால் அதையும் கூடவே கொண்டுவந்து கோயில் வாசலில் நிறுத்துங்கள். முதல் தீர்த்தம் அதற்கு. பிறகு உங்கள் காருக்கு.

வழிப்போக்கில் நம்மையும், மலையேறிப் பிழைக்கிற நம் சகோதரிகளையும் தேவமாதா தம் ஆதரவில் வைத்துக் காத்தருளும்படி வேண்டிக்கொண்டு, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் ஆசீரை உங்கள் குடும்பங்கள் மேல் மன்றாடுகிறேன். ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமி